விளக்கும் கணக்கும்

அன்னை என்கின்றனர், அருள் வடிவம் என்கின்றனர், வெள்ளுடை தரித்த தெய்வம் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். ஆண்டுக்கொரு முறை, மே 12 வந்ததும், கையில் விளக்கைக் கொடுத்து, மலர் தூவி, மாலை சூட்டி மகிழ்கின்றனர். மறுநாள்? மறுநாள் இரவு அந்த அன்னைக்கு எத்தனை படுக்கை, எத்தனை மணி நேரம், எவ்வளவு ஊதியம் என்று கேட்பார் உண்டா? இல்லை! தெய்வத்துக்குத்தான் பசி இல்லையே, உறக்கம் இல்லையே, முதுகுவலி இல்லையே! தெய்வம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். மனிதர்க்குரிய உரிமை பற்றிய பேச்சே எழாது. புகழ்ச்சி, தோழர்களே, சில வேளைகளில் மிக மலிவான கூலி!

நாம் செவிலியர். நத்தம் நம் ஊர். ஒருபுறம் கரந்தமலை, மறுபுறம் மாந்தோப்புகள், தெருவுக்குத் தெரு சட்டை தைக்கும் பொறிகளின் ஓசை. இவற்றிடையே வளர்ந்தோம். படிப்பு முடிந்ததும், திண்டுக்கல் சமவெளியில், முதியோர்க்கும் நெடுநாள் நோயாளர்க்குமான ஒரு காப்பகத்தில் முதற்பணி ஏற்றோம். ஓராண்டுக்குள் நம் உள்ளம் எப்படி வறண்டது, வறண்ட இடத்தில் மீண்டும் எப்படி நீர் ஊறிற்று என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். நம் கதை பெரிது என்பதால் அன்று. நம்மைப் போன்றோர் ஆயிரமாயிரம் பேர் இருக்கின்றனர் என்பதால்!

பொது மருத்துவமனையில் நோயாளி வருவார், தேறுவார், கைகூப்பி விடைபெற்று வீடு செல்வார். அந்தக் கைகூப்பு ஒன்றே ஒரு கிழமைக் களைப்பைப் போக்கும். காப்பகத்தில் நிலைமை வேறு. பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்தவர். மறதிநோயால் பெற்ற மகனைத் தம்பி என்றழைப்பவர். இடுப்பெலும்பு முறிந்து எழ இயலாதவர். மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஏற்பவர் — இவர்களுள் பெரும்பாலோர் வீடு திரும்பப் போவதில்லை. நேற்றுச் செய்ததையே இன்றும் செய்வோம், நாளையும் செய்வோம், ஒருநாள் படுக்கை வெறுமையாகும். பயிற்சிப் பள்ளி நமக்கு நோய் தீர்க்கக் கற்பித்தது. தீராத நோயோடு இருப்பவரின் அருகில் நாள்தோறும் நிற்பது எப்படி என்று எவரும் கற்பிக்கவில்லை.

வேலை எவ்வளவு? கணக்குப் போடுவோம்.

படுத்த படுக்கையாய்க் கிடப்போரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியத்தின் அரிச்சுவடி. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் உடலின் எடை ஓயாது அழுத்தினால், அங்கே குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழுகும், அதுவே படுக்கைப்புண். நம் கூடத்தில் 20 படுக்கைகள். இரவுப்பணி 12 மணி நேரம். ஒரு செவிலியர், துணைக்கு ஓர் ஆயா. இரண்டு மணிக்கொரு முறை என்றால் ஓர் இரவுக்கு 6 சுற்று. 20 பேருக்கு 120 புரட்டல். ஒருவரைப் புரட்ட இருவர் கை வேண்டும். நனைந்த துணியை மாற்றி, முதுகைத் துடைத்து, தலையணையை அண்டக்கொடுக்க 4 நிமிடம். மொத்தம் 480 நிமிடம். அதாவது 8 மணி நேரம்! பத்துப் பேருக்குக் குழாயுணவு, இரவில் இருமுறை, ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம். அது 200 நிமிடம். எஞ்சியது 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தில் மருந்து கொடுக்க வேண்டும். காய்ச்சல் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பையை அளந்து கொட்ட வேண்டும். ஏட்டில் எழுத வேண்டும். வீட்டுக்குப் போகிறேன் என்று நள்ளிரவில் கதவைத் தட்டும் மறதிநோயாளரைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டும். ஒருவருக்கு மூச்சுத் திணறினால் அவரருகே நிற்க வேண்டும். இடையே நாமும் ஒருவாய் உண்ண வேண்டும்!

இந்தக் கணக்கை எவரும் எழுதி வைத்ததில்லை. எழுதாத கணக்கின் கடன் எங்கே விழும்? செவிலியரின் முதுகில் விழும். படுத்திருக்கும் முதியவரின் முதுகிலும் விழும்.

முதல் மூன்று திங்கள் வெறும் களைப்பு. களைப்பு, உறங்கினால் தீரும். ஐந்தாம் திங்களில் உறங்கி எழுந்தும் தீராத ஒன்று வந்தது. திண்டுக்கல் பேருந்தில் ஏறும்போதே நெஞ்சு கனத்தது. அடுத்து, பெயர்கள் மறைந்து எண்கள் வந்தன. "ஏழாம் எண் நனைந்துவிட்டது", "பன்னிரண்டு கஞ்சி வாங்கவில்லை" என்று நம் வாயே பேசிற்று. ஒரு விடியலில், "திருப்பிவிடு தாயி" என்று ஒவ்வொரு சுற்றிலும் நம்மை அழைத்த மூதாட்டி மறைந்தார். நமக்கு அழுகை வரவில்லை. இனி ஒரு புரட்டல் குறைவு என்ற எண்ணம்தான் வந்தது. அந்த எண்ணத்தைக் கண்டு நாம் அஞ்சினோம்.

நம்மோடு ஒரே நாளில் பணியேற்ற தோழி ஒருத்தி. நம் ஊர்ப்பக்கத்துப் பெண். படிப்பில் நம்மினும் சிறந்தவள். எட்டாம் திங்களில் விலகிவிட்டாள். இன்று நத்தத்தில் சட்டைக்குக் கழுத்துப் பட்டி தைக்கிறாள். ஏன் விட்டாய் என்று கேட்டோம். "சட்டைக்கு வலிக்காது அக்கா. ராத்திரி மிஷினை மூடிட்டா, அது என்னைக் கூப்பிடாது" என்றாள். மூன்றாண்டுப் படிப்பு, அவள் தந்தை பட்ட கடன், அவளுடைய திறமை வாய்ந்த கைகள் எல்லாம் நோயாளர்க்குப் பயன்படாமல் போயின. இது அவளுடைய தோல்வியா? அவளை அந்நிலைக்குத் தள்ளிய ஏற்பாட்டின் தோல்வியா?

அறிவியல் என்ன சொல்கிறது? 1974-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரில் இலவச மருத்துவ நிலையமொன்றில் தொண்டு புரிந்த ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலறிஞர், தம்மிடமும் தம் உடன் தொண்டர்களிடமும் கண்ட இந்நிலைக்கு 'எரிந்து தீர்தல்' என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். சோம்பேறிகளை அல்ல, ஆர்வத்தோடு வந்தவர்களையே அது பற்றிற்று என்பதைக் கவனியுங்கள். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதனை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் அதற்கு இலக்கணம் தந்தது. ஆற்றல் வற்றுதல், பணியிலிருந்து உள்ளம் விலகிக் கசத்தல், செய்வதில் பயனில்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அதை நோய் என்று அந்நிறுவனம் குறிக்கவில்லை. பணியிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் நெருக்கடியின் விளைவு என்றது. புரிகிறதா தோழர்களே? வேர் பணியிடத்தில், வாடுவது செவிலியரின் முகம்.

பெயர் மறைந்து எண் வந்ததே, அதற்கும் விளக்கம் உண்டு. இலண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து 1960-இல் எழுதிய இசபெல் மென்சீஸ், அங்கே நோயாளர்கள் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிக்கப்பட்டதைச் சுட்டிக் காட்டினார். துயரத்திலிருந்து தப்ப அந்த நிறுவனம் எழுப்பிய மதில் அது என்றார். அம்மதில் துயரத்தைத் தடுக்கவில்லை, பணியின் நிறைவைத்தான் பறித்தது என்றும் காட்டினார். நத்தத்துச் செவிலிக்கும் இலண்டன் செவிலிக்கும் இடையே கடல்கள் பல. எனினும் மதில் ஒன்றே!

ஊரார் என்ன சொன்னார்கள்? "போன பிறவிப் பயன், தாயி" என்றார் ஒருவர். "மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாசியில் பூக்குழி இறங்கு, எல்லாம் தீரும்" என்றார் மற்றொருவர். சொன்னவர்கள் நம்மீது அன்புடையவர்கள். அவர்தம் அன்பில் குறையில்லை. ஆனால் தொடர்ந்து ஏழு இரவுகள் தணல்மேல் நின்று வந்தவளுக்கு இன்னுமொரு பூக்குழியா? 120 புரட்டலை எந்த வேண்டுதல் 60 ஆக்கும்? இன்னொரு செவிலியரை அமர்த்தினால் ஆகும். படித்தவர்களோ வேறு மொழியில் பேசினர். மூச்சை இழுத்து விடு, மனத்தைத் திடப்படுத்து, புன்னகை பழகு என்றனர். மூச்சுப் பயிற்சி நன்றே. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஆள் போட வேண்டிய இடத்தில் அறிவுரை போட்டால், அதுவும் படித்தவர் வெட்டிய பூக்குழிதான்!

நம் ஊர் மாந்தோப்பைப் பாருங்கள். ஓராண்டு கிளை தாழக் காய்த்த மரம், மறு ஆண்டு ஓய்ந்து நிற்கும். தோட்டக்காரர் அதைச் சோம்பேறி என்று ஏசுவதில்லை. எருவிட்டு, நீர் பாய்ச்சிக் காத்திருக்கிறார். மரத்துக்குக் காட்டும் நியாயம் மங்கைக்கு இல்லையா?

இத்தொழிலுக்கு நம் நாட்டில் ஏன் இத்தனை இழிமதிப்பு? 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்று கணக்கிட்டது. வறுமை ஒரு காரணம். அயலார் ஆட்சி ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. பிறர் உடலைத் தொடுவது தீட்டு, கழிவைத் துடைப்பது கீழோர் வேலை என்று நெடுங்காலம் ஓதப்பட்ட பாடம் அது. அப்பாடம் இன்னும் மறைந்துவிடவில்லை. நாம் காப்பகத்தில் பணி செய்வதை அறிந்த உறவினர் ஒருவர், நம் கையால் தண்ணீர் வாங்கத் தயங்கியதுண்டு. அதே கைதான் ஒருநாள் அவர்தம் தாயின் முதுகைத் தாங்க வேண்டும்! தொடத் தயங்கும் சமுதாயம், தொடுபவருக்கு உரிய கூலி தரவும் தயங்குகிறது.

தயக்கத்தின் அளவைப் பாருங்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட செவிலியர்க்குத் திங்கள் ஊதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு, 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தனர். தனியார் மருத்துவமனைகளைப் பற்றி உச்சநீதிமன்றம் 2016 சனவரியில் இட்ட ஆணையால் ஒரு குழு அமைந்தது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் செவிலியர்க்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் ஏறியது. எத்தனை செவிலியரின் கையில் ஏறியது?

இனி, நாம் மீண்ட வழியைச் சொல்வோம். ஒரே நாளில் நிகழ்ந்த விந்தை ஏதும் இல்லை. நான்கு சிறு செயல்கள்.

முதலாவது, அளவுகோலை மாற்றினோம். எத்தனை பேர் குணமாயினர் என்று கேட்டால் காப்பகத்தில் விடை சுழி. எத்தனை முதுகில் புண் இல்லை? எத்தனை வாய் தூய்மையாக இருக்கிறது? நேற்று மூன்று கரண்டி விழுங்கியவர் இன்று ஐந்து விழுங்கினாரா? ஓராண்டாய்ப் பேச்சிழந்து கிடக்கும் தோப்புக் காவல்காரர், புரட்டும்போது நம் மணிக்கட்டை இறுகப் பற்றினாரா? இவை வெற்றிகள். கணக்கில் வராத வெற்றிகளைக் கணக்கில் கொண்டுவந்தோம். பணிக்குப் பொருள் திரும்பிற்று.

இரண்டாவது, பேசினோம். ஒருவர் மறைந்தால், பணி மாறும் வேளையில், செவிலியரும் ஆயாக்களுமாக நால்வர் பத்து நிமிடம் நின்று அவரைப் பெயர் சொல்லிப் பேசுவது என்று வழக்கப்படுத்தினோம். அவருக்குப் பிடித்த பாட்டு எது, அவர் எதற்குச் சினந்தார், கடைசி இரவில் யார் அருகிருந்தார் என்று பேசினோம். வயதில் மூத்த ஆயாதான் அதில் நமக்கு ஆசான். அழுகை வந்தது. அழுகை வந்தபோது, நாம் இன்னும் எரிந்து தீரவில்லை என்று தெரிந்தது.

மூன்றாவது, உறக்கத்தை உரிமையாக்கினோம். 1977-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு செவிலியர்க்கென ஓர் ஒப்பந்தமும் பரிந்துரையும் வகுத்தது. மிகைநேரமும் சேர்த்து ஒரு நாளில் 12 மணியைத் தாண்டக் கூடாது, இரு பணிகளுக்கிடையே 12 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்பது அப்பரிந்துரையின் கருத்து. ஏழு இரவுகளைத் தொடர்ந்து தராமல், மூன்று மூன்றாகப் பிரித்துத் தருமாறு கேட்டுப் பெற்றோம். வீட்டிலும் ஒரு சிறு சீர்திருத்தம். நாம் பகலில் உறங்கும்போது அம்மா சன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டினார். தம்பி சோறு வடித்தான். ஆண்பிள்ளை அடுப்படியிலா என்று கேட்டவரிடம், "அக்கா ராத்திரியெல்லாம் நின்னுட்டு வந்திருக்கு" என்று அவனே விடை சொன்னான்.

நான்காவதே தலையாயது. ஒரு நாற்பது பக்க ஏடு வாங்கினோம். ஒவ்வோர் இரவும் எத்தனை புரட்டல் நடந்தது, எத்தனை விடுபட்டது, எதனால் விடுபட்டது என்று எழுதினோம். முப்பது இரவுகளுள் ஓர் இரவிலேனும் 120 எட்டவில்லை. மிகுதியாய் எட்டியது 84. அவ்வேட்டை நாங்கள் அனைவரும் ஒப்பமிட்டுக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தோம். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தோம். நெடுநேரம் பார்த்தபின், "இதுவரை யாரும் எழுதிக் காட்டலையேம்மா" என்றார். இரண்டு திங்கள் கழித்து, இரவுக்கு இன்னொரு செவிலியரும் இன்னோர் ஆயாவும் வந்தனர். ஊதியம் உயரவில்லை, அந்தப் போராட்டம் இன்னும் இருக்கிறது. தையலுக்குப் போன தோழியும் திரும்பவில்லை. ஆனால் ஒன்று நிலைநாட்டப்பட்டது. 'என்னால் முடியவில்லை' என்று தனியே அழுதபோது அசையாத கதவு, 'இவ்வளவுதான் முடியும்' என்று நால்வர் சேர்ந்து கணக்குக் காட்டியபோது அசைந்தது!

இது புதுவழியும் அன்று. மே 12-இல் நாம் யாருடைய பிறந்தநாளைக் கொண்டாடுகிறோமோ, அந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் வழி. கிரிமியப் போரில், 1854 முதல் அவர் ஏந்திய விளக்கை உலகம் ஓவியமாக்கி வைத்திருக்கிறது. அவர் வரைந்த கணக்கை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? போர்வீரர் பலர் மாண்டது காயத்தால் அன்று, தடுத்திருக்கக் கூடிய நோய்களால் என்று 1858-இல் வண்ணப் படமாகவே வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தார். புள்ளியியற் கழகத்தின் முதற்பெண் உறுப்பினரும் அவரே. போர்முனையில் உடல் நலிந்து, அதன்பின் நெடுங்காலம் நோயாளியாகவே வாழ்ந்த அம்மையார், படுக்கையிலிருந்தும் எண்களைக் கொண்டே போராடினார். விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை மறைத்துவிட்டனர். ஏனெனில் விளக்கு எவரையும் கேள்வி கேட்பதில்லை!

தோழர்களே, இது செவிலியரின் சிக்கல் மட்டுமா? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 அகவை கடந்தவர். அவ்விகிதம் வளர்ந்தே வருகிறது. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோர்க்கான தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் எத்தனை படுக்கை என்பது செய்தியாகிறது. ஒரு படுக்கைக்கு எத்தனை கை என்பது செய்தியாவதில்லை.

சுமையைப் பகிரும் வழியும் நம் அருகிலேயே இருக்கிறது. கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம், ஊர் மக்களையே பயிற்றித் தொண்டர்களாக்கியது. கிழமைக்குச் சில மணி நேரம் அவர்கள் அண்டை வீட்டு நோயாளரிடம் செலவிட்டனர். மருத்துவருக்கும் செவிலியர்க்கும் தோள் கிடைத்தது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுக்கையில் கிடப்போரின் வீட்டு வாயிலுக்கே செவிலியரைக் கொண்டு செல்கிறது. நல்ல தொடக்கம்! அச்செவிலியர்க்கும் நேரக் கணக்கு உண்டு என்பதை மட்டும் நாடு மறவாதிருக்க வேண்டும்.

மன்றம் நடத்தும் இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது மாலை அன்று. உங்கள் ஊர்க் காப்பகத்துக்குச் செல்லுங்கள். இரவில் எத்தனை நோயாளர்க்கு ஒரு செவிலியர், தொடர்ந்து எத்தனை இரவுகள், கையில் தரும் ஊதியம் எவ்வளவு என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடையை எழுதுங்கள், எழுதியதை மன்றத்தில் படியுங்கள். வீட்டில் படுத்திருக்கும் பாட்டனாரைப் புரட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அது மகளுக்கும் மருமகளுக்கும் மட்டும் எழுதி வைத்த வேலையன்று, கை இருபாலர்க்கும் உண்டு. புதிதாய்ப் பணியேற்கும் செவிலித் தங்கையர்க்கும் ஒரு சொல். உள்ளம் வற்றுவதாக உணர்ந்தால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஊழை நொந்துகொள்வதாலும் பயனில்லை. ஓர் ஏடு வாங்குங்கள். உடன் பணியாற்றுவோரைக் கூட்டுங்கள்.

அடுத்த மே 12-இலும் மேடை போடுவார்கள், விளக்கு ஏற்றுவார்கள். ஏற்றட்டும்! விளக்கேந்திய கையை வணங்குவோரிடம் நாம் கேட்பது ஒன்றே: மறு கையில் இருக்கும் கணக்கேட்டையும் வாங்கிப் படியுங்கள்.